மூன்று அண்டாவும் மூலை வீடும்

எங்கள் வீட்டில் அடைந்து கிடந்த சாமானையெல்லாம் காலி செய்ய வைத்தது ஒரு மலைப்பாம்பு. மகளின் நச்சரிப்புதான் காரணம் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது சுத்தப் பொய். மகள் வருடக்கணக்கில் சொல்லியும் அசையாத நான், பாம்பு ஒரே ஒரு தடவை தலையை நீட்டியதும் அசைந்துவிட்டேன்.

நாங்கள் இருப்பது குருபோங்கில், வரிசை வீடுகள் உள்ள ஒரு தாமான் குடியிருப்பில். வீட்டுக்குப் பின்னால் பெரிய சாக்கடை, அதைத் தாண்டினால் புதர். அன்று காலை வெங்காயம் எடுக்கப் பின்கட்டுக்குப் போனேன். அங்கே மூன்று அலுமினிய அண்டாக்கள் எப்போதும் கிடக்கும். அதில் சின்ன அண்டாவுக்குள் ஒரு பழைய டயர் இருப்பதைப் பார்த்தேன். கார் டயரைக்கூட இந்த மனுஷன் சேர்த்து வைக்க ஆரம்பித்துவிட்டாரா என்று திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். டயர் நகர்ந்தது. திறந்த வாயோடு முன்வாசலுக்கு வந்து நின்றேன். இடையில் இருந்த சமையலறையையும் கூடத்தையும் எப்படிக் கடந்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

பொம்பா வண்டி வந்தது. தீயணைப்பு வண்டி நுழைந்தால் தாமானே திரண்டுவிடும். பாம்பு பிடிக்க வந்த மலாய்த் தம்பிக்கு அதைக் கழுத்தில் பிடித்துச் சாக்கில் போட அதிக நேரம் ஆகவில்லை. பாம்பு இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரத்தான் நேரம் பிடித்தது. வழியில் துணி காயப் போட்டிருந்த டிரெட்மில், இறக்கை கழன்ற மின்விசிறிகள், எதற்கும் ஆகட்டும் என்று வைத்திருந்த அட்டைப் பெட்டிகள். பெட்டிகளுக்குள் வேறு பெட்டிகள். வெளியே வந்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இங்கே ஏதும் கடை நடத்துகிறீர்களா மாக்சிக் என்று அத்தை முறை வைத்துக் கேட்டார். கிண்டலாகக் கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். மரியாதையாகக் கேட்டார். அதுதான் சுட்டது.

அன்று மத்தியானமே கோலாலம்பூரில் வேலை செய்யும் மகளுக்குப் போன் போட்டு, வா, வீட்டுச் சாமானைக் காலி செய்யலாம் என்றேன். அவள் அந்த வாரக் கடைசியிலேயே கையுறை, குப்பைப் பை எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினாள். வந்ததும் சட்டம் போட்டாள். ஒரு வருடமாக உபயோகப்படாத எதுவும் இந்த வீட்டில் இருக்கக் கூடாது.

"அப்ப ஒங்க அப்பாவ எங்க வைக்கிறது?" என்று கேட்டேன்.

அவர் அதைக் காதில் வாங்காத மாதிரி டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

சாமானை வெளியே எடுப்பது சுலபம். அதற்கு ஒரு புது வீடு தேடுவதுதான் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைவிடக் கஷ்டம். எங்கள் கல்யாணத்திலிருந்து மகளின் பட்டமளிப்பு வரை, யார் எதற்கு வந்தாலும் சுவர்க் கடிகாரம்தான் பரிசு கொடுத்திருக்கிறார்கள். பெட்டியைத் திறந்தால் கடிகாரம், அடுத்த பெட்டியைத் திறந்தாலும் கடிகாரம். யாரிடம் நீட்டினாலும், எங்கள் வீட்டிலும் இதே மாதிரி அடுக்கி வைத்திருக்கிறோம் அக்கா, இரண்டு தரட்டுமா என்று திருப்பிக் கேட்டார்கள். மகள் சின்னவளாக இருந்தபோது தவணையில் வாங்கிய கலைக்களஞ்சியப் புத்தகங்களைக் கிளேபாங் சாலையோரத்தில் இளநீர்க் கடை வைத்திருக்கும் ஒருவர் எடுத்துக்கொண்டார். பிள்ளைகளைப் படிக்க வைக்க நினைக்கிறாரே என்று எனக்கு ஒரே பெருமை. அடுத்த முறை இளநீர் குடிக்கப் போனபோது மேசையின் நான்கு கால்களுக்கும் அடியில் ஒவ்வொரு பாகம் இருந்தது. மேசை ஆடாமல் நின்றது. அதுவரைக்கும் அந்தப் புத்தகத்தை நாங்களும் அவ்வளவு உபயோகப்படுத்தியதில்லை.

வாங்கிக்கொண்டவர்களும் சும்மா வாங்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு இனாமாக ஒரு பொருளை வாங்கினால் இரவில் தூக்கம் வராது. அலமாரியைத் தூக்கிக்கொண்டு போனவர் மறுநாள் காலை உயிருள்ள சேவல் ஒன்றைக் கட்டிக் கொண்டுவந்தார். டிரெட்மில்லை எடுத்துக்கொண்ட பக்கத்துத் தெரு மலாய் மாக்சிக் ஒரு கூடை ரம்புத்தான் பழமும், அதோடு தான் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு ரைஸ் குக்கரும் அனுப்பி வைத்தார். சேவல் இரண்டு நாள் எங்களுக்கு முன்னால் எழுந்து கூவிவிட்டுக் குழம்பானது. ரைஸ் குக்கர் இன்னும் இருக்கிறது. மகள் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கடைசியில் மிஞ்சியது அந்த மூன்று அண்டா.

அவற்றின் கதையைச் சொல்லாவிட்டால் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னதாக ஆகாது. அவர் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஒரு வருடம் கோயில் திருவிழாவில் அவர் வைத்த சாம்பாரை நாலு பேர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். நாலு பேர் சொன்னதைக் கேட்கக் கூடாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். அடுத்த மாதமே ரெம்பியாவில் சமையல் தொழிலை விட்டுக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து மூன்று அண்டாவும் மூடிகளும், ஆள் உயரக் கரண்டிகளும் லோரியில் வந்து இறங்கின. ஒரே ஒரு கல்யாணத்துக்குச் சமைத்தார். சாம்பாருக்கு இவர் உப்புப் போட்டார். கூட்டாளியாக இருந்த நண்பர், இவர் மறந்திருப்பார் என்று அவரும் போட்டார். அந்தக் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் இரண்டு பேரும் ஒரே கருத்தாகப் பேசியது அந்தச் சாம்பாரைப் பற்றித்தான். அதோடு தொழில் முடிந்தது. அண்டா மட்டும் நின்றது.

தாமான் அதைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை. காதுகுத்து, நிச்சயதார்த்தம், வீடு குடிபுகுதல், ஆடிக்கூழ், பதினாறாம் நாள் காரியம், எதுவாக இருந்தாலும் எங்கள் வீட்டு அண்டாதான். எத்தனை பேருக்குச் சமையல் என்று கேட்டு, அதற்குத் தகுந்த அண்டாவை நான் எடுத்துக் கொடுப்பேன். எங்கள் பக்கத்தில் யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் கிடையாது. கழுவிக் கவிழ்த்துக் கொடுத்தாலும், அதற்குள் ஒரு தூக்கில் அன்றைக்குச் சமைத்ததில் கொஞ்சம் இருக்கும். அதனால் அண்டா போன வீட்டிலிருந்து அண்டாவும் வரும், பிரியாணியோ பாயாசமோ கூட வரும். மாதத்தில் பல நாள் எனக்கு இரவுச் சமையல் மிச்சம். இதை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, பாம்பு வேறு குடியிருக்கிறது என்று மட்டும்தான் நினைத்தேன்.

தாமானின் வாட்ஸ்அப் குழுவில் மகள் அண்டாக்களின் படத்தைப் போட்டு, இலவசம், வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினாள். பதில்கள் வந்து குவிந்தன. எல்லாம் ஒரே பதில்தான். அக்கா, உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், வேண்டும்போது வந்து எடுத்துக்கொள்கிறோம். இரவல் வாங்க ஊரே தயார், வைத்துக்கொள்ள ஒருவர் இல்லை. கோயில் நிர்வாகத்தில் கேட்டோம். தாராளமாகக் கொடுங்கள், ஆனால் புதிதாக வாங்கிக் கொடுங்கள் என்றார்கள்.

பழைய பேப்பர் லோரி ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு தெருவுக்குள் வந்ததும் மகள் ஓடிப் போய் நிறுத்தினாள். அதற்குள் என் வீட்டுக்காரர் பெரிய அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார். எழுந்திருங்கள் என்று நான் சொன்னேன், மகள் சொன்னாள், லோரிக்காரரும் மலாயில் கெஞ்சிப் பார்த்தார். வாழ்நாளில் விளையாட்டுப் பக்கத்தைத் தவிர எதையும் படிக்காத மனுஷன், அன்றைக்கு மரண அறிவித்தல் வரை ஒரு வரி விடாமல் படித்தார். லோரி போய்விட்டது.

அன்று சாயங்காலம் கேட்டுக்கு வெளியே மூலை வீட்டுப் பெண் வந்து நின்றாள். அவர்கள் குடிவந்து மூன்று வருடம் இருக்கும். சிகாமட் பக்கத்துப் பெண், புருஷனுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அவளைத் துணி காயப்போடும்போது பார்த்திருக்கிறேன், சிரித்திருக்கிறேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. தாமானில் யாரும் பேசியதாகத் தெரியவில்லை. படத்தைப் பார்த்ததாகச் சொன்னாள். கையைப் பிசைந்துகொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

"எனக்குத் தர்றீங்களா அக்கா? எங்க வீடு கோர்னர் லாட்டுலா. சைட்ல எடம் நெறைய சும்மாதான் கெடக்கு."

எனக்குக் கும்பிட வேண்டும் போல இருந்தது. என் வீட்டுக்காரர் அண்டாவை விட்டு எழுந்தார். வீட்டில் வைத்துப் புழங்கப் போகிறவளிடம் கொடுப்பதில் அவருக்கு மறுப்பில்லை. இரும்பு விலைக்குப் போவதைத்தான் அவர் பொறுக்கவில்லை. அவரே முன்னால் பிடித்து, மூலை வீடு வரை தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தார். நான் வாட்ஸ்அப்பில், இனி அண்டா வேண்டுபவர்கள் மூலை வீட்டுக்குப் போகவும் என்று போட்டேன். காலியான பின்கட்டைக் கழுவி விட்டு, நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன். கையைக் காலை நீட்டினால் எதிலும் இடிக்கவில்லை. நான் ஏதோ பெரிய காரியத்தைச் சாதித்துவிட்டதாக நினைத்தேன்.

முதலில் குறைந்தது சாப்பாடு. அதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். இந்த மாதம் ஒரு பாயாசம்கூட வரவில்லையே என்றார். சர்க்கரை வியாதிக்காரருக்குப் பாயாசம் எதற்கு என்று அடக்கிவிட்டேன். ஆனால் எனக்கும் உறைத்தது. பிரியாணி வாசம் தெருவில் போகும், எங்கள் கேட்டைத் தாண்டி நேராக மூலை வீட்டுக்குப் போகும்.

சாப்பாடு போனால் போகட்டும். அதைவிடப் பெரிதாக ஒன்று போயிருந்தது. அண்டா கேட்டு வருகிறவர்கள் வாசலோடு வாங்கிப் போகமாட்டார்கள். உள்ளே வந்து உட்காருவார்கள். மாப்பிள்ளை என்ன வேலை, பெண் வீட்டார் என்ன பேசினார்கள், பத்திரிகையில் யார் பெயர் விட்டுப் போனது, எல்லாம் என் சமையலறையில்தான் முதலில் வெளியாகும். ஒரு பெண் சரி என்று தலையாட்டினால் அவள் அம்மாவுக்கு அடுத்தபடி தெரிவது எனக்குத்தான். இப்போது மூன்றாவது தெருவில் நடந்த நிச்சயதார்த்தம் எனக்கு ஃபேஸ்புக்கில் தெரிந்தது. நாற்பது வருடம் ஊர்க் கதையைப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவளுக்கு எச்சில் இலை கிடைத்த மாதிரி இருந்தது.

பிறகு, எனக்குத் தையல் சொல்லிக் கொடுத்த ஓர் அக்கா தவறிவிட்டார். பின் தெருவில்தான் வீடு. உடலை எடுக்க வந்த பிரேத வண்டி எங்கள் தெருவைக் கடந்து போனபோது நான் கேட்டில் நின்றுகொண்டு, யார் வீடு என்று பக்கத்தில் கேட்கிறேன். காலையிலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அண்டா எடுக்க மூலை வீட்டுக்குப் போனவர்கள் சொல்லியிருந்தார்கள். யாரும் வேண்டுமென்று என்னை விடவில்லை. எனக்குத் தெரியாமல் இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். நான் வீட்டு உடுப்போடு ஓடினேன். முகம் பார்க்கக் கிடைத்தது, அதுவும் கடைசி ஆளாக. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அழுதேன். அந்த அக்காவுக்காகத்தான் அழுதேன். கொஞ்சம் எனக்காகவும் அழுதேன்.

அன்றிலிருந்து ஒரே ஒரு கேள்விதான் என்னைக் குடைந்தது. இத்தனை வருடமாக இந்தத் தெரு என் வீட்டுக்கு வந்ததா, அண்டாவுக்கு வந்ததா?

பதில் சீக்கிரமே தெரிந்தது, என் வீட்டுக்காரர் புண்ணியத்தில். ஒரு சனிக்கிழமை ஒருவர் மோட்டாரில் வந்து கேட்டுக்கு வெளியே ஹாரன் அடித்தார். எனக்கு வாயெல்லாம் பல். தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். வந்தவர் மோட்டாரை அணைக்கவே இல்லை. மாமா, மூடி என்றார். இவர் படுக்கையறைக்குள் போய், கட்டிலுக்கு அடியிலிருந்து பெரிய அண்டாவின் மூடியை இழுத்துக்கொண்டு வந்தார். எனக்குத் தெரியாமல் மூன்று மூடிகளையும் ஒளித்து வைத்திருக்கிறார் மனுஷன். மூலை வீட்டில் அண்டாவும் எங்கள் வீட்டில் மூடியும் இருந்தால் எல்லோரும் இரண்டு வீட்டுக்கும் வந்துதானே ஆக வேண்டும் என்பது அவர் கணக்கு. ஏதோ நாட்டைப் பங்கு பிரித்த ராஜா மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அது பிடித்திருந்தது. ஒரு வாரம், இரண்டு வாரம் பார்த்தேன். மூடிக்கு வந்தவர்கள் மூடியை வாங்கினார்கள், போனார்கள். செருப்பைக் கழற்றியவர் ஒருவர்கூட இல்லை. அடுப்பில் வைத்த தேத்தண்ணியை ஒவ்வொரு தடவையும் நாங்கள் இருவரே குடித்தோம். ஒரு நாள் எனக்குக் கோபம் தலைக்கேறியது. மூன்று மூடிகளையும் தலையில் சுமக்காத குறையாகத் தூக்கிக்கொண்டு மூலை வீட்டுக்குப் போனேன்.

அங்கே போனால் வாசலில் ஏழெட்டுச் செருப்பு. உள்ளே சிரிப்புச் சத்தம். மூன்று வருடமாகத் துணி காயப்போடும் கம்பியோடு மட்டும் பேசிக்கொண்டிருந்த பெண், நடுக்கூடத்தில் நின்று, எத்தனை பேருக்குச் சமையல் என்று யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தாள். அது என் கேள்வி. என் இடம். எனக்கு வயிறு எரிந்தது, உங்களிடம் மறைப்பானேன். அவள் என்னைப் பார்த்ததும் ஓடி வந்து மூடிகளை வாங்கிக்கொண்டு, உள்ளே வாங்கக்கா என்று கையைப் பிடித்தாள். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். எங்கள் வீட்டில் நாங்கள் பால் வாங்குவதே இல்லை.

அந்தக் கோபத்தோடேயே இருந்திருப்பேன். டிங்கிக் காய்ச்சல் வந்து கெடுத்தது.

முதல் நாள் கை கால் வலி என்று நினைத்தேன். மூன்றாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே காலையும் மாலையும் இரத்தம் எடுத்தார்கள். இரத்தத் தட்டுகளின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனது. மகள் லீவு போட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மருத்துவர் ஒரு நாள் அவளை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்தவள் சிரித்துக்கொண்டே என் போர்வையைச் சரி செய்தாள். எனக்குப் பயமாக இருந்தது. நான் செத்தால் பதினாறாம் நாளுக்கு அண்டாவை மூலை வீட்டில்தான் போய்க் கேட்க வேண்டும் என்று வேறு தோன்றியது. அந்த நிலையிலும் புத்தி எங்கே போகிறது பாருங்கள்.

வீட்டில் தனியாக இருந்த என் வீட்டுக்காரருக்குச் சமைக்கத் தெரிந்தது சாம்பார் ஒன்று. அதன் சரித்திரம்தான் உங்களுக்குத் தெரியுமே. இரண்டாம் நாள் கஞ்சி வைப்பது எப்படி என்று கேட்க அவர் மூலை வீட்டுக்குப் போயிருக்கிறார். எனக்கு டிங்கி என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். அவளிடம் சொன்னால் போதாதா? அந்த வாரம் அண்டா எடுக்க வந்தவர், அண்டா கொண்டுவந்தவர், சும்மா வந்தவர் எல்லோருக்கும் அவள் வாயால் செய்தி போய்விட்டது. செய்தியை முதலில் கேட்டே பழகிய நான் அந்த வாரம் செய்தியாகவே ஆகிவிட்டேன்.

பப்பாளி இலைச் சாறு தினமும் வந்தது, அவள் இடித்துப் பிழிந்தது. வேப்பிலையே தேவலை என்னும்படி கசக்கும். குடிக்கும்போது அவளைத் திட்டுவேன், குடித்து முடித்ததும் நாளைக்கும் வருமா என்று மகளிடம் கேட்பேன். எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. மருந்தா, சாறா, திட்டிய திட்டா என்று தெரியாது, ஏறியது.

வீட்டுக்கு வந்த அன்று மகள் என்னைக் கைத்தாங்கலாகச் சமையலறைக்குக் கூட்டிப் போனாள். தண்ணீர் குடிக்கத்தான் போனேன். பார்த்தால், நான் உயிரைக் கொடுத்துக் காலி செய்த அடுக்குகள் எல்லாம் நிறைந்திருக்கின்றன. பிளாஸ்டிக் டப்பாக்கள், எவர்சில்வர் தூக்குகள், ஐஸ்கிரீம் டப்பாக்கள், ஒரு பீங்கான் கிண்ணம், பூப்போட்ட அடுக்குச் சட்டி ஒன்று. மேசைக்கு அடியிலும் இருந்தது. குளிர்சாதனப் பெட்டிக்கு மேலேயும் இருந்தது.

"இது என்ன, கடையா நடத்துறீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாரும் சோறு கொண்டாந்தாங்க," என்றார் அவர். "ரசம், கஞ்சி, மீன் கொழம்பு. அந்தப் பீங்கான் கிண்ணம் மாக்சிக் குடுத்தது. சூப்பு. நல்லா இருந்துச்சு."

எது யாருடையது என்று கேட்டேன். அந்த நீல மூடி யாரோ கொண்டுவந்தது என்றார். இந்தச் சிவப்பு மூடி வேறு யாரோ என்றார். சாப்பிட்டது ஒவ்வொன்றின் ருசியும் ஞாபகம் இருந்தது, கொடுத்தவர் முகம் ஞாபகம் இல்லை. நல்லவேளை, எங்கள் பெண்கள் பாத்திரத்தின் அடியில் நகப்பூச்சால் அடையாளம் வைப்பார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். சிவப்புப் புள்ளி மூன்றாவது தெரு. ரோஸ் கோடு நிச்சயதார்த்தம் நடந்த வீடு. மோட்டாரை அணைக்காமல் மூடி வாங்கிப் போனாரே, அவர் மனைவியின் தூக்கு மட்டும் இரண்டு இருந்தது. தவறிப்போன அக்காவின் மருமகள் அனுப்பிய டப்பாவும் இருந்தது. அதை மட்டும் மற்றவற்றோடு வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டேன். அண்டா இல்லாத வீட்டுக்குத்தான் இவ்வளவும் வந்திருக்கிறது. முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். மருந்து கசக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். மருந்தை இன்னும் குடிக்கவே இல்லை என்று மகள் சொன்னாள்.

அழுது முடித்ததும் அடுத்த பிரச்சினை கண்ணில் பட்டது. இத்தனையையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறும் டப்பாவாகக் கொடுக்க முடியுமா? நான் சாம்பார் வைக்கிறேன் என்று அவர் எழுந்தார். உட்காருங்கள் என்றேன். சர்க்கரைப் பொங்கல் என்று முடிவு செய்தேன். அளவு போட்டுப் பார்த்தேன். வீட்டில் மிச்சம் இருந்த பெரிய பானை, எங்கள் இருவருக்கும் சோறு வடிக்கும் ரைஸ் குக்கர்தான். மகள் என்னையே பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

உடம்பு கொஞ்சம் தேறியதும் ஒரு காலையில் நானே நடந்து போனேன். மகளை அனுப்பியிருக்கலாம். அனுப்ப மனம் வரவில்லை. மூலை வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றபோதுதான் தெரிந்தது, என் வாழ்நாளில் நான் யாரிடமும் அண்டா இரவல் கேட்டதில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. இத்தனை வருடம் என் வாசலில் இப்படி நின்றவர்களுக்கெல்லாம் எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்றுகூடக் குழப்பமாக இருந்தது. கழற்றிவிட்டே நின்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது, உடனே கவலையும் வந்தது, வெயிலில் எதற்கு நடந்து வந்தீர்கள் என்றாள். அண்டா ஒன்று வேண்டும் என்றேன்.

"என்னாக்கா விசேஷம்? ஒங்க வீட்டுலயா?"

"ஆமா. நான் இன்னும் சாகலல்ல, அதுக்குத்தான்."

அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். பக்கத்து வராந்தாவில் மூன்றும் வரிசையாகக் கழுவிக் கவிழ்த்திருந்தன. அவள் குனிந்து, சின்னதைத் தாண்டி, நடுவில் இருந்ததையும் தாண்டினாள்.

"அப்ப பெருசாவே எடுத்துட்டுப் போங்கக்கா."